வாயு போச்சா, சாறே?

எங்க வீட்டுக்காரருக்குப் பெருங்குடல்ல கட்டி. ஆபரேஷன் உண்டுன்னு சொன்ன டாக்டர், கூடவே இன்னொண்ணும் கேட்டார். ரோபோ வச்சுச் செய்யுறதா, பழைய முறையா, எது ஆளுக்குச் சேதமில்லாததுன்னு ஒரு ஆராய்ச்சி நடக்குதாம், சேருறீங்களான்னு. நான் வாயெடுக்கும் முன்னே இவர் கையெழுத்துப் போட்டாச்சு. பாறசாலைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் கணக்கு படிப்பிச்ச மனுஷனாக்கும். "எட்டி, யாராவது ஆராய்ச்சிக்கு நின்னு கொடுத்தாத்தானே உண்மை தெரியும்" என்றார். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதுல ரோபோ விழுந்தது. வீட்டுக்குத் திரும்பும்போ பஸ்ஸுல நான் வேற சீட்டுல போய் இருந்தேன்.

ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. இனி வாயு போகணும், அதுதான் குடல் வேலை தொடங்கினதுக்கு அடையாளம்னு டாக்டர் சொன்னார். போகல்லன்னா அடைப்போ கசிவோ இருக்கலாம், திரும்பவும் வயித்தைத் திறக்க வேண்டி வரலாம்.

நர்ஸ் காலையும் சாயங்காலமும் வந்து கேப்பா. இவர்கிட்ட படிச்ச பிள்ளை, வாத்தியாரை இப்பவும் 'சாறே'ன்னுதான் கூப்பிடுவா. "வாயு போச்சா, சாறே?"

இவர் ஃபேனைப் பார்த்துக்கிட்டு, "இல்ல மக்கா" என்பார்.

டாக்டருக்க முகம் நாளுக்கு நாள் கறுத்துது. எனக்குக் கஞ்சி இறங்கல்ல. அந்த ரோபோ நாசமாப் போகட்டும்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே கிடந்தேன்.

ஒரு மத்தியானம் பக்கத்துக் கட்டில்ல கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்கிட்டேன்னு நினைச்சிருக்கார். கேட்டுது. கொஞ்சம் கழிச்சு மறுபடியும் நல்லாவே கேட்டுது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்பப் பார்த்து நர்ஸ் வந்தா. "வாயு போச்சா, சாறே?"

"இல்ல மக்கா."

நாளைக்கு ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்னு அவ சொன்னா. எனக்கு வந்துதே ஒரு கோபம்!

"போச்சு மக்கா. நான் கேட்டேனாக்கும், எழுதிக்க." இவர் பக்கம் திரும்பினேன். "உண்மை தெரியணும்னு கையெழுத்துப் போட்டது நீங்க. வயித்தைக் கிழிக்கச் சம்மதிச்சிட்டு இதைச் சொல்ல வெக்கமா? உயிரு போனா கௌரவத்தை வச்சு என்ன செய்ய?"

"நேத்தே தொடங்கிச்சு" என்றார், சுவரைப் பார்த்து. அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினா.

டாக்டர் வந்து வயித்தை அமுக்கிப் பார்த்து, பயப்பட ஒண்ணும் இல்ல, கஞ்சித்தண்ணி கொடுக்கலாம்னு சொல்லிப் போனார். இவர் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டார்.

"எட்டி, உனக்கு உண்மையிலயே கேட்டுதா?"

"கேட்டுது."

"இதுக்கு முன்னால எப்பவாவது?"

"கல்யாணம் ஆன காலம் தொட்டே கேக்குறேன். நீங்க மனசு நோவீங்களேன்னு தூங்குற மாதிரிக் கிடப்பேன்."

மனுஷனுக்குச் சிரிப்பு வந்துட்டு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சிரும்"னு சொல்லிக்கிட்டே நான் அழுதேன்.