கவிழ்த்து வைத்த முறுக்கு

2007-இல் எனக்குச் சிதம்பரத்தில் கல்யாணம் நிச்சயமானதிலிருந்து, என் இடது கையை ஒளிப்பதே வீட்டில் எல்லாருக்கும் வேலையாகிப்போனது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு வலது கையால் காபி கொடுத்துத் தப்பித்திருந்தேன். "தாலி ஏறுற வரைக்கும் பீச்சாங்கைய அடக்கி வைடி," என்பாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சீர்வரிசைக்குக் கை முறுக்கை வீட்டிலேயே சுற்றினோம். ஆள் போதாமல் அத்தை என்னையும் உட்கார வைத்தாள். பொரித்துத் தாம்பாளத்தில் அடுக்கும்போதுதான் கவனித்தாள்: மற்ற முறுக்கெல்லாம் ஒரு பக்கமாகச் சுற்றியிருக்க, என்னுடையவை மட்டும் எதிர்ப்பக்கம். மறுபடி சுற்ற மாவும் இல்லை, நேரமும் இல்லை. என் முறுக்குகளையெல்லாம் கவிழ்த்து வைத்தாள். சுற்று ஒன்றுபோல ஆகிவிட்டது.

"புரி மாறலையே அத்த, பெடல் மரை மாதிரி," என்றேன். விரலால் முறுக்கும்போது மாவில் கயிறு போல விழுகிற புரியைச் சொன்னேன். எங்கள் ஊர் செம்மண்டலத்தில் அப்பாவுக்குச் சைக்கிள் கடை. சைக்கிளில் இடது பெடலுக்கு மட்டும் திருகும் மரை எதிர்ப்பக்கமாக ஓடும். எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அது வலது பக்கத்தில் ஏறாது.

"முறுக்குல யாருடி மரை பாக்கப் போறாங்க? வாய மூடு."

சிதம்பரம் மண்டபத்தில் சீர்த்தட்டுகளை இறக்கியதும், மாமியார் ஆகப்போகிறவர் ஒரு முறுக்கை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். "இதுல மட்டும் புரி எதிர்ப்பக்கமா ஓடுதே. யாரு சுத்துனது?"

"கூலிக்கு வந்தவுங்க," என்றாள் அம்மா. முகம் வெளுத்துவிட்டது.

எனக்கும் பயம்தான். இந்த இடம் தட்டிப்போனால் அம்மா தாங்கமாட்டாள். ஆனால் காலம் பூரா ஒரு கையை ஒளித்துக்கொண்டு இன்னொரு வீட்டில் எப்படி உலை வைப்பது?

"நான்தான் சுத்துனேன். எனக்கு இடது கைப் பழக்கம்."

அத்தை என் இடுப்பில் கிள்ளினாள். மாமியார் முறுக்கை ஒடித்து வாயில் போட்டு நிதானமாக மென்றார். அம்மா முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"தீவாளிக்கு முறுக்கு சுத்தறப்ப எனக்கு எடது பக்கமா உக்காரு," என்றார் என்னிடம். "வலது பக்கம் உக்காந்தா ரெண்டு பேரு முழங்கையும் இடிச்சுக்கும்."

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள்.