பட்டன்காரம்மா வீட்டுக் கணப்பு

சட்டைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் காஜா எடுத்துப் பட்டன் தைத்தவள் என்பதால் தெருவில் அவளுக்குப் பட்டன்காரம்மா என்று பெயர். அவள் கணவர் காகித ஆலையில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர். அவரைப் பாய்லர்காரர் என்பார்கள். ஆலையில் நாள் முழுக்க நெருப்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்கு வந்த பிறகாவது அதை விட்டு விலகி உட்காருவாரா என்றால் கிடையாது. செருப்பைக் கழற்றியதும் நேரே கூடத்துக்குப் போய்க் கணப்புக்கு முன்னால்தான் குத்துக்காலிட்டு உட்காருவார்.

வருடத்தில் ஏழு மாதம் குளிர் ஆட்டிப் படைக்கிற ஊர் அது. வீட்டுக்குச் சூடு என்று இருந்தது கூடத்துச் சுவருக்குள் செங்கல்லால் கட்டிய அந்த ஒரு கணப்புதான். அதன் இரும்புக் கம்பித்தட்டு, சாம்பலை இழுக்கும் கரண்டி, புகைபோக்கியின் கழுத்தில் காற்றைக் கூட்டிக் குறைக்கிற தகடு, எதையும் அவர் யாரையும் தொட விட்டதில்லை.

"நீ உன் பட்டனைப் பாரு. இது உனக்குச் சரிப்பட்டு வராது" என்பார்.

ஒரு வேலை குறைந்ததே என்று அவளும் விட்டுவிட்டாள். காலையில் எழுந்து வரும்போது கூடம் சூடாக இருக்கும். அது எப்படிச் சூடாகிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆறாவது வருடம், குளிர் தொடங்குவதற்குச் சற்று முன்னால், அவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் என்ன காரணத்தாலோ தங்கிவிட்டது. 'போதும்.' தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும், கால் வலித்தாலும் போதும், மகள் வந்தால் சந்தோஷத்தில் கண் கலங்கியும் போதும்தான்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ சாப்பாடு போடும்போதெல்லாம் அப்பா சொல்ற வார்த்தை அதுதானேம்மா. அதான் ஒட்டிக்கிச்சு" என்று மகள் சொன்னாள். மூன்று பேருமே சிரித்தார்கள். அவர் வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது.

மகள் பத்து நாள் இருந்துவிட்டுத் தன் ஊருக்குப் போனாள். குளிர் வந்தது.

பட்டன்காரம்மா தன் அறுபத்திரண்டாவது வயதில் முதல்முறையாகக் கணப்பு மூட்டினாள். முதல் நாள் கூடம் முழுக்கப் புகை. தகடு மூடியிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் இடது கையை மேலே மேலே காட்டி, போதும் போதும் என்று கத்தினார். பதினைந்து நாளில் ஒரு வழியாகக் கை பழகியது. பழைய சாம்பலை ஒட்ட வழிக்காமல் ஒரு விரல் கனத்துக்கு விட்டுவைக்க வேண்டும், சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும், நன்றாகப் பற்றிய பிறகே கரி போட வேண்டும் என்று சூடுபட்டுச் சூடுபட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஆனால் கரி மூட்டை கொல்லைக் கொட்டகையில் இருந்தது. வாளியில் அள்ளிச் சுமந்து வந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. அதனால் விறகுக்கு மாறினாள். விறகுக்காரர் பின்வாசலிலேயே அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் வெட்டிய ஈர விறகு. தணலில் வைத்தால் நுனியில் நுரை தள்ளிச் சீறும். காலையில் புதிதாக மூட்டுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது என்று அவளே ஒரு வித்தை கண்டுபிடித்தாள். படுக்கப் போகுமுன் கங்குகளைச் சாம்பலுக்குள் புதைத்து, மேலே இரண்டு ஈரக் கட்டைகளை வைத்து, தகட்டை முக்கால்வாசி மூடிவிடுவாள். விடிந்து கிளறினால் உள்ளே சிவப்பாக இருக்கும்.

"உங்க அப்பாவே இப்படிச் செஞ்சதில்லை" என்று மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னாள்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் தகட்டை மூடும்போதெல்லாம் போதும் என்றார். அனல் அதிகமாகிவிட்டதாக்கும் என்று அவள் இன்னும் கொஞ்சம் மூடினாள். அவர் நாற்காலிக் கைப்பிடியில் அடித்தார். "சரி சரி, குறைச்சுட்டேன்" என்று மேலே சாம்பலும் தூவினாள். கணப்பின் உட்சுவரில் தார் பூசியது போலக் கறுப்பாக ஏதோ மினுங்கத் தொடங்கியிருந்தது. அது ஒருவேளை இயல்புதான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்தாள். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, தூக்கம், வலி என்று படம் போட்ட அட்டைகள் கொடுத்தாள். தேவையானதை அவர் எடுத்துக் காட்ட வேண்டும். அவர் எல்லா அட்டையையும் ஒதுக்கிவிட்டு, வீடு வரைந்திருந்த அட்டையைத் தேடி எடுத்தார். அதன் கூரையை நகத்தால் தட்டினார். தட்டிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"வீட்டுலதானே இருக்கீங்க" என்றாள் அவள்.

அவர் மறுபடி தட்டினார்.

"மாடிக்குப் போகணுமா? படி ஏற முடியாதுங்க. காலு சரியாகட்டும்."

அவர் அட்டையை மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "சிலருக்கு மனசுல இருக்கறது ஒண்ணு, கை எடுக்கறது வேற ஒண்ணா இருக்கும். அதைப் பெருசா எடுத்துக்காதீங்க" என்று ஆறுதல் சொன்னாள் அந்தப் பெண்.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு பிற்பகல். மூன்று நாள் மழையில் விறகு ஊறிப்போயிருந்தது. அடுத்த வீட்டு எலக்ட்ரீஷியன் உடைந்த அலமாரிப் பலகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். "நல்லாக் காய்ஞ்சதுக்கா, சட்டுனு பிடிச்சுக்கும்." அவள் தகட்டை முழுக்கத் திறந்து நாலு பலகைகளை ஒன்றாக வைத்தாள். நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்தது. கூடம் இப்படிச் சூடாகி எத்தனை நாளாயிற்று என்று அவள் கையை நீட்டிக் காய்ந்துகொண்டிருந்தபோது, சுவருக்குள் ஒரு லாரி நின்று உறுமுவது போலச் சத்தம் கேட்டது.

மூன்று மாதமாகத் துணையில்லாமல் நிற்காத மனுஷன் எழுந்து நின்றார். ஒரு அடி வைத்தார். விழுந்தார். விழுந்தவர் இடது முழங்கையால் ஊன்றிக் கணப்பை நோக்கி நகர்ந்தார். கை தகட்டின் பிடியை நோக்கி நீண்டது.

"உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? வெந்துபோகப் போறீங்களா?" அவள் அவரைக் கக்கத்தில் கைகொடுத்துப் பின்னால் இழுத்தாள். அவர் திமிறினார். போதும் போதும் என்று மூச்சு வாங்கினார். அவள் அவரை நாற்காலியில் சாய்த்துப் பிடித்திருந்தபோது கதவை யாரோ இடித்தார்கள்.

"அக்கா, புகைபோக்கி மேல தீ கொழுந்து விட்டு எரியுது. வெளியே வாங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

தீயணைப்பு வண்டி வந்து அணைப்பதற்குள் புகைபோக்கி கூரை வரை பிளந்துவிட்டது. மாடி அறையின் ஒரு பக்கம் கரிந்தது. ஆளுக்குச் சேதமில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே தீயணைப்புக்காரர் கேட்டார்.

"கடைசியா எப்பம்மா இதைச் சுத்தம் பண்ணினீங்க?"

"எதை?"

"புகைபோக்கியை. உள்ள விரற்கடை கனத்துக்குத் தார் படிஞ்சிருக்கு. ஈர விறகை மூட்டமா எரிச்சா இப்படித்தான். காய்ஞ்ச கட்டை பட்டதும் மொத்தமாப் பிடிச்சிருச்சு. உடனே அந்தத் தகட்டை மூடியிருந்தாக்கூட அடங்கியிருக்கும்."

"அதைச் சுத்தம் பண்ணணுமா?" என்றாள் பட்டன்காரம்மா.

தீயணைப்புக்காரர் பாய்லர்காரரைப் பார்த்தார். போர்வையில் சுற்றி எலக்ட்ரீஷியன் வீட்டு வாசலில் உட்கார வைக்கப்பட்டிருந்த அவர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கொட்டகையைச் சோதித்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. கரி மூட்டைகளுக்குப் பின்னால், ஒன்றோடொன்று திருகிப் பொருத்துகிற நீளக் கம்புகள், தலைப்பில் வட்டமான முரட்டுத் தூரிகை, மசி படிந்த ஒரு பழைய சட்டை. கதவின் உட்பக்கத்தில் சாக்பீஸால் தேதிகள். வருடத்துக்கு இரண்டு, குளிருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இருபத்தேழு வருடத்துக்கு. அவள் ஓய்வு பெற்ற பிறகு எழுதிய தேதிகளை உற்றுப் பார்த்தாள். எல்லாமே மாதச் சாமான் வாங்க அவள் சந்தைக்குப் போகிற முதல் திங்கள்கிழமை. அதற்கு முந்தியவை அவளுக்குத் தொழிற்சாலை இருந்த நாட்களாகத்தான் இருந்திருக்கும். வீடெல்லாம் கரியாகும், அவள் சளைத்துப்போய் வருகிறவள், வருவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்று அவள் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்திருக்கிறார். அதனால்தான் அப்படி ஒரு வேலை உண்டென்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. இந்த வருடம் குளிருக்கு முந்தைய அந்தத் திங்கள்கிழமை வருவதற்குப் பதினோரு நாள் முன்னால் அவர் விழுந்திருந்தார்.

கொத்தனார் வந்து கணப்பை அடைத்துப் பூசினார். சுவர் பிளந்த வீட்டில் மறுபடி நெருப்பு மூட்டக் கூடாது என்று தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குளிர் காய மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்தாள். அது முழங்கால் வரைக்கும்தான் சூடு கொடுத்தது. அவருடைய செத்த கை குளிரில் நீலம் பாய்ந்தது. நெஞ்சில் சளி கட்டி இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய் வந்தார். மூன்றாவது முறை மகள் வந்து முடிவெடுத்தாள்.

"முதியோர் ஹோம்ல விட்டுடலாம்மா. அங்க சுவரெல்லாம் வெந்நீர்க் குழாய் ஓடுது. உன்னால தூக்க முடியுமா சொல்லு."

தூக்க முடியாது. அவள் அவருடைய சட்டைகளை எடுத்துப் பையில் அடுக்கினாள்.

ஹோமில் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் வாரம் போனபோது பட்டன்காரம்மா நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டாள். வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"கொட்டகையைப் பார்த்தேங்க. நீங்க சொன்னது எனக்குப் புரியலை. கூரையைக் காட்டினீங்களே, அப்பக்கூடப் புரியலை. ஒரு தடவையாவது என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள், சண்டையாக முடிந்தது. அவர் அவளைப் பார்த்தார். கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று அங்கிருந்த தாதி சொன்னாள். அந்த ஒரு வார்த்தையும் இப்போது வருவதில்லை.

வாரத்தில் மூன்று நாள் போகிறாள். ஒரு பஸ் மாறிப் போக வேண்டும். அந்த அறை அத்தனை கதகதப்பு. வீட்டில் கோட்டோடு படுத்துத் தூக்கம் பிடிக்காமல் கிடப்பவள், அங்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கண் அசந்துவிடுகிறாள். அவர் பாட்டுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்வை நேரம் முடிந்ததும் தாதி வந்து தோளைத் தொடுவாள்.

"அம்மா, நாலு மணி பஸ் போயிடும்."

பட்டன்காரம்மா எழுந்து, அவருடைய போர்வையை ஒருமுறை இழுத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு நிறுத்தத்துக்கு நடப்பாள்.