தை மாதத்துப் பெருவிரல்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் நான் வேலை செய்யும் ஆராய்ச்சிக் கூடத்தின் வாசல் கதவுக்குச் சாவி கிடையாது. சுவரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதில் பெருவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். வலது கையில் எப்போதும் பை இருக்கும் என்பதால் வேலையில் சேர்ந்த அன்றே இடது பெருவிரலைப் பதிந்து கொடுத்தேன். பல வருடங்களாகக் கதவும் நானும் சண்டை சச்சரவில்லாமல்தான் இருந்தோம். சென்ற ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று காலை விரலை வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தேன், சிவப்பு. வாயால் ஊதிச் சூடாக்கி வைத்தேன், அதற்கும் சிவப்புதான். வெளியே கடல் காற்று காதைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகையில் என் பெயர் இருக்கும் கட்டடத்துக்கு என்னை யாரென்று தெரியவில்லை.

வாசலில் இருக்கும் காவலர் இயன் நல்ல மனிதர். விடுமுறையில் விரலை என்ன செய்தேன் என்று கேட்டார். அறுவடைக்குப் போயிருந்தேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. திராட்சையா, எந்த நாட்டில், ஒயின் எப்படி இருந்தது என்று விசாரித்தார். நெல் என்று சொன்னதும் அதற்கும் தலையாட்டி, அரிசியிலும் ஒயின் செய்கிறார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார். மாமா வயலில் ஒரு வாரம் முதுகு விட்டுப்போகக் குனிந்து அறுத்ததை நான் விளக்கவில்லை. எட்டு மணிக் குளிரில் அதை விளக்க எனக்கு ஆங்கிலமும் போதாது, பொறுமையும் போதாது. சிரித்துவைத்தேன். அவர் தன் அட்டையால் கதவைத் திறந்துவிட்டார்.

எங்கள் கூடத்தில் கீழ்த்தளம் பொறியியல், அதற்கு மேலே எரிசக்திப் பொருளாதாரம், மூன்றாவது மாடியில் வேதியியலும் தடய அறிவியலும். நான் மூன்றாவது மாடி. ஒரு பொருளின் மேல் பதிந்த ரேகையில் இருக்கும் வியர்வையும் எண்ணெயும் நாளாக ஆக எப்படி மாறுகின்றன என்பது என் ஆராய்ச்சி. புதன்கிழமை தேநீருக்கு மூன்று மாடியும் ஒன்றாகக் கூடும். அங்கே கதவு என்னைச் சேர்க்காத கதையைச் சொன்னபோது பொருளாதாரக்காரர்கள், எல்லோருமே இயந்திரத்தால் அறுத்தால் எத்தனை டீசல் ஆகும் என்று தங்களுக்குள் வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். கீழ்த்தளத்து மார்ட்டா மட்டும் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். போலந்துக்காரி. ரேகை படிக்கும் கருவிகளை உருவாக்குவதுதான் அவள் வேலை. ரேகை எத்தனை நாளில் தேய்கிறது, எத்தனை நாளில் திரும்ப வளர்கிறது என்று கேட்டாள். தெரியாது என்றேன். உன் ஊரில் லட்சக்கணக்கான பேர் அறுக்கிறார்கள், நீயோ ரேகையில் பட்டம் வாங்கியவள், இது தெரியாதா என்றாள். கேலியாகத்தான் கேட்டாள், எனக்கு என்னவோ சுருக்கென்றது. அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது அப்பாவின் பத்திரம் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு மிராசுதாரின் நிலத்தில் ஆறு மா, ஏக்கர் கணக்கில் இரண்டு, குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார்கள். குத்தகை மூத்தவரான அப்பா பெயரில் இருந்தது, உழைப்பு இருவருடையதும். குத்தகைக்காரர் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம் அது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு யாரும் கிளப்ப முடியாது என்று கட்சிக்காரர்கள் தெருமுனையில் பேசினார்கள். பேச்சு மிராசுதார் வீட்டுக்கும் எட்டாமலா இருக்கும்? ஊருக்கு ஊர் வெளியேற்றமும் வழக்கும் அடிதடியுமாக இருந்தது. எங்கள் வீட்டில் அடிதடி இல்லை. ஒரு பத்திரம்தான் வந்தது. குத்தகை உரிமையை மனமொப்பி விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று அப்பா தை மாதம் எழுதிக் கொடுத்ததாகவும், கீழே அவருடைய இடது பெருவிரல் ரேகை இருப்பதாகவும் சொன்னார்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

வழக்கு நடந்தது. அப்பா கூண்டில் ஏறி, “அந்தத் தை மாசம் நான் எதுலயும் கை வைக்கலைங்க” என்றார். கேட்டவர்கள் காதில் ‘கை வைக்கலை’ என்பது மட்டும் விழுந்தது. ‘அந்தத் தை மாசம்’ என்று அவர் சொன்னதை எவரும் பொருட்படுத்தவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் ரேகை எடுக்க வேண்டும் என்று நாள் குறித்தார்கள். அந்த நாளும் அடுத்த வருடத்துத் தையில்தான் வந்தது. அப்பா அப்போது நிலத்தை இழந்து பக்கத்து ஊரில் கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்தார். அறுப்பை விட்டுவிட்டு எப்படி வருவது என்று வக்கீலிடம் சொல்லி வாய்தா வாங்கிவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் எவரும் அதைத்தான் செய்திருப்பார். விளைந்த பயிரை நிற்க வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போகிறவனை ஊரே காறித் துப்பும். சித்திரையில், வயல் காய்ந்து கை ஓய்ந்து கிடந்த மாதத்தில், சுத்தமாகக் கழுவிக்கொண்டு போய் ரேகை கொடுத்தார். வரி வரியாகத் தெளிவாக விழுந்தது. பத்திரத்தில் இருப்பதும் இதுவும் ஒன்றே என்று நிபுணர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். வழக்கு தோற்றது.

நிலம் போனதைவிடப் பெரிய இழப்பு அதன் பிறகு வந்தது. அண்ணன் மிராசுதாரோடு ரகசியமாகப் பேசி முடித்துவிட்டான் என்று சித்தப்பா நம்பினார். அடுத்த தெருவுக்குக் குடிபோனார். அப்பா செத்தபோதுகூட வீட்டுப் படி ஏறாமல் தெருமுனையில் நின்றுவிட்டுப் போனார். சித்தப்பாவை மட்டும் சொல்வானேன்? நான் பதினைந்து வயதில் ஒருநாள், “நீங்க வச்ச ரேகைதானேப்பா அது?” என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கை கழுவ எழுந்து போனார். அந்தக் கேள்வியை நான் எத்தனையோ நாடு கடந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ரேகையைப் படிப்பாக எடுத்ததற்கும் அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. படித்தும் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. கோர்ட்டில் வாங்கிய பத்திர நகல் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதை ஒரு முறைகூட நான் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் உறுதியாகிவிடும் என்று பயம்.

இந்தத் தையில் ஒரு நோட்டும் மைப்பெட்டியுமாக ஊருக்குப் போனேன். முதல் வேலையாக டிரங்குப் பெட்டியைத் திறந்து நகலைப் பார்த்தேன். ரேகை அச்சடித்ததுபோல இருந்தது, ஒரு வரிகூடத் தேயவில்லை. நேராகச் சித்தப்பாவிடம் போனேன். சித்தப்பாவுக்குப் பின்னாளில் உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் எடுத்த நிலத்திலிருந்து இரண்டு மா கிடைத்தது. என்னோடு அவருக்குப் பகையில்லை, எங்கள் வீட்டோடுதான். மார்கழிக் கடைசியில் பெய்த மழையில் பயிர் சாய்ந்து, வயலில் இயந்திரம் இறங்க முடியாத ஈரம். கையால் அறுக்க ஆள் கிடைக்காமல் எழுபத்தைந்து வயதில் தானே அரிவாளோடு இறங்குவதாக இருந்தார். நானும் வருகிறேன் என்றேன். அறுப்பு மாதத்தில் விரல் தேய்ந்து ரேகை விழாது என்று என் கதவுக் கதையைச் சொன்னேன். தினமும் அறுப்பு முடிந்ததும் அவர் பெருவிரலை நோட்டில் பதிந்துகொள்ள வேண்டும், ஆராய்ச்சிக் கூடத்து விதிப்படி அதற்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் வேண்டும் என்று சொன்னேன். சித்தப்பா படிவத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, திருப்பிக் கொடுத்தார். வழக்கு தோற்ற வருடமே கோபத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர் அவர்.

“கையெழுத்து வேணா போடுறேன். பெருவிரலை வைக்க மாட்டேன் பாப்பா. ஒருத்தன் வச்சதே இந்தக் குடும்பத்துக்குப் போதும்” என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. அறுத்தது நாங்கள் இருவரும்தான். அறுப்பில் வலது கைக்கு அரிவாளின் பிடி இருக்கிறது, படாத பாடு படுவது இடது கைதான். ஒவ்வொரு பிடிக்கும் நெல் தாளை வளைத்து இறுக்க வேண்டும். தாளில் இருக்கும் சுணை ரம்பம்போல விரலில் இழுத்துக்கொண்டே போகும். சேறும் ஈரமும் சேர்ந்தால் தோல் ஊறிச் சீக்கிரம் உரியும். சாய்ந்த பயிரானதால் மண்ணோடு சேர்த்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் மாலை வரப்பில் உட்கார்ந்து என் விரலை நோட்டில் பதிந்தேன். ரேகை நன்றாக விழுந்தது. இரண்டாம் நாள் நடுவில் சில வரிகள் அறுந்திருந்தன. சித்தப்பா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி வேறெங்கோ பார்ப்பதுபோல இதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் வரிகளைவிட வெள்ளைதான் அதிகம். ஆறாம் நாள் வெறும் மைத்திட்டு.

அன்று அவர் எழுந்து வந்து நோட்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தேதியைப் படித்தார். பிறகு தன் இடது பெருவிரலை மையில் அழுத்தி, என் திட்டுக்குப் பக்கத்தில் தானாகவே வைத்தார். அதுவும் ஒரு திட்டுதான்.

“அண்ணன் பத்திரம் ஒங்கிட்ட இருக்கா?”

பையிலிருந்த நகலைக் கொடுத்தேன். வெயில் சாய்கிற பக்கம் திரும்பி நின்று பார்த்தார்.

“இது எந்த மாசம் எழுதினதா போட்டிருக்கு?”

“தை இருபது, சித்தப்பா.”

“தை இருபதுல ஏது இந்த ரேகை” என்றார்.  வாய்க்காலுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். “ஆனி மாசம் தண்ணி வர்றதுக்கு முன்னாடி மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் வந்தாரு. ஒங்க பேரைப் பதியணும்னு சொல்லி வெத்துத் தாள்ல அண்ணன் ரேகையை வாங்கிட்டுப் போனாரு. அது பதிவுக்குப் போச்சுன்னே நாங்க ரெண்டு பேரும் நெனச்சிருந்தோம். நானும் பக்கத்துல நின்னேன். நான்தான் வைய்யிண்ணேன்னு சொன்னேன்.”

நகலை வாங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தேன். கை ஓய்ந்திருந்த ஆனியில் வாங்கிய ரேகையின் மேல் தை மாதத்தை எழுதியிருக்கிறார்கள். அப்பா கூண்டில் நின்று சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. ஒரு நகலையும் ஒரு வார நோட்டையும் வைத்து எந்த நீதிமன்றத்திலும் நான் கையெழுத்திட மாட்டேன். என் மாணவி ஒருத்தி இப்படி எழுதிக் கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனாலும் அந்த வரப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்த வருத்தமெல்லாம் என்மேல்தான்.

சித்தப்பா நோட்டோடு எங்கள் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். சேற்றுக் காலோடு படியேறி, கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் நின்று, “அண்ணி, அண்ணன் பொய் சொல்லலை” என்றார். நோட்டைக் காட்டி, தை மாதத்தில் ரேகை விழாது என்பதை நான் அவருக்குச் சொன்ன அதே வார்த்தைகளில் அம்மாவுக்கு விளக்கினார். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“தை மாசம் பூரா அவரு பெருவிரல்ல தேங்காயெண்ணெ தடவித் துணி சுத்தி விட்டது நானு. சுத்துன துணியோட எந்தப் பத்திரத்துல வைப்பாரு? அப்பவே தெரியும் எனக்கு” என்றாள்.

“ஏன் அண்ணி சொல்லலை?”

“யாரு கேட்டா?” என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. சித்தப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னையும் ஒரு முறை பார்த்தாள். சாட்சிக் கூண்டில் மிராசுதாரின் ஆட்கள் ஏறினார்கள், நிபுணர் ஏறினார், அப்பா ஏறினார். அந்த விரலில் எண்ணெய் தடவியவளைக் கூப்பிட வேண்டும் என்று வக்கீலுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. நான் கடல் தாண்டிப் படித்துத் தெரிந்துகொண்டது என் வீட்டு அடுக்களையிலேயே இருந்திருக்கிறது. அன்று சித்தப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அம்மா பரிமாறினாள். இருவரும் மழையைப் பற்றியும் சாய்ந்த பயிரைப் பற்றியும்தான் பேசிக்கொண்டார்கள். நான் புறப்பட்ட நாளில் அம்மா என் இடது பெருவிரலில் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிவிட்டாள்.

இங்கே திரும்பிய அன்று துணியை அவிழ்த்துவிட்டுக் கண்ணாடியில் விரலை வைத்தேன். எதிர்பார்த்ததுபோலவே சிவப்பு. இயன், இந்த வருடமும் திராட்சையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மார்ட்டாவுக்காகத் தினமும் காலையில் விரலை வைத்துக் குறித்துக்கொண்டேன். நாளுக்கு நாள் வரிகள் எழுந்தன. ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

நேற்றுக் காலை விளக்கு பச்சையாக எரிந்தது. இயன் கை தட்டி, ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டீர்கள் என்றார். நான் கதவைத் தோளால் பிடித்துக்கொண்டு விரலை வெளிச்சத்தில் பார்த்தேன். பத்திரத்தில் இருந்த அப்பாவின் ரேகையைப் போலவே ஒரு வரி குறையாமல் இருந்தது. இப்படித் தெளிவாக விழுந்த விரலால்தான் ஊரில் எங்கள் நிலம் போனது. இப்படித் தெளிவாக விழுந்தால்தான் இங்கே எனக்குக் கதவு திறக்கிறது. குளிர் உள்ளே வருகிறது என்று இயன் சொன்னார். கோட்டுப் பையில் கிடந்த வேட்டித் துணியை எடுத்து விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.