பழைய கைந்நூல் சொன்ன இடைவெளி

இருட்டியதிலிருந்து மூன்றாவது தடவையாக மொட்டைமாடிக்கு ஏறினேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்கு மேலே, தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவில் என் சின்னத் தொலைநோக்கி நின்றது. தெற்கே தாழ்வாக ஒரு பிரகாசமான நட்சத்திரம். வெறுங்கண்ணுக்கு ஒன்று, தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும். எத்தனையோ வருஷம் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அன்று எவ்வளவு திருகியும் ஒரே வெளிச்சக் கட்டி.

கடற்காற்றின் உப்பைக் குற்றம் சொல்லி வில்லையைத் துடைத்தேன். ரயிலின் அதிர்வு அடங்கட்டும் என்று காத்து நின்றேன். பக்கத்து லொட்ஜின் விளக்குகளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். உண்மையில் எனக்குப் பயம். அப்பாவின் பார்வையைச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பறித்தது. எனக்கும் சீனி இருக்கிறது. “கண் டொக்டரிட்டக் காட்டுங்கோ” என்று மனைவி மாதக்கணக்காகச் சொல்லியும் நான் சாட்டுச் சொல்லிக் கடத்திக்கொண்டு வந்தேன்.

படியிறங்கும்போது ஒரு யோசனை வந்தது. அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு ஒரு மனித ஆயுள் ஆகும். இப்போது நெருங்கியிருக்கலாமே! அப்படியென்றால் என் கண்ணில் பிழையில்லை.

அலுமாரியிலிருந்து பழைய வானியல் கைந்நூலை இழுத்தேன். கலியாணத்துக்கு முதல் நடைபாதைக் கடையில் வாங்கியது. “எல்லாம் போனில இருக்கேக்க உந்தக் குப்பை என்னத்துக்கு?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். என் போனின் வான வரைபடத்தில் அந்த நட்சத்திரம் ஒரே புள்ளி. கைந்நூலிலோ, வரப்போகும் வருஷங்களின் இடைவெளியையும் அன்றே கணக்குப் பார்த்து அச்சடித்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட அது என்னை ஏமாற்றியதில்லை.

அட்டவணையின் எழுத்துகள் கலங்கின. அவளையே வாசிக்கச் சொன்னேன்.

“பத்து வருஷத்துக்கு முதல் இடைவெளி நாலு எண்டு கிடக்கு. அதுதான் ஆகக் குறைவு. பிறகு கூடிக்கொண்டு போகுது. இப்ப எட்டுக்கு மேல.”

நாலாக இருந்தபோதே இதே மாடியில் இரண்டையும் தனித்தனியாகக் கண்டவன் நான்.

“கூடினா நல்லதுதானே?” என்றாள்.

கூடியிருந்தால் பிழை என் கண்ணில்தான். பொய் சொல்லலாம்தான். ஆனால் புத்தகம் அவள் கையில் விரிந்து கிடந்தது.

“நட்சத்திரம் நல்லா விலகித்தான் நிக்குது,” என்றேன். “நாளைக்கே கண் டொக்டரைச் சனல் பண்ணி நேரம் எடும்.”