மிரரை நிறுத்துனவனுக்கு பஸ்ஸுல ஒரு எடம்

காலையில திருச்செங்கோட்டுல ஏறி நாமக்கல் பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்தேன். நான் கம்ப்யூட்டர் பாத்துக்கற தீவன ஆலைக்கு மக்காச்சோளம் ஏத்திட்டு வர்ற லாரி டிரைவர் சட்டுனு எந்திரிச்சாரு.

"உக்காருங்க சாமி. இப்பெல்லாம் எடை போட்ட உடனே ரசீது வந்துருதுங்க. முன்ன வெயில்ல காஞ்சு கெடப்போம். என்னங்க பண்ணுனீங்க?"

"சின்ன செட்டிங்தானுங்க"ன்னேன்.

ஒவ்வொரு எடையும் ஆலை சர்வர், சேலம் ஆபீஸ் சர்வர் ரெண்டுலயும் பதிஞ்சாத்தான் ரசீது வரும். நடுவுல இருக்கற நெட் லைன் நத்தை வேகம். டிரைவருங்க சத்தம் தாங்காம, போன மாசம் சேலத்துக்குப் போற காப்பியையே, 'மிரர்'னு சொல்வோம், அதையே நிறுத்திட்டேன். யாருகிட்டயும் சொல்லல. ஆலை சர்வர்ல டிஸ்க் கெட்டுப் போச்சுன்னா இந்த டிரைவர் எறக்குன லோடுக்கே ஆதாரம் இருக்காது.

அது தெரியாம அந்த மனுசன் நாமக்கல் வரைக்கும் கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டே வந்தாரு. எனக்கு உக்காந்திருக்கவே கூசுச்சு.

ஆலைக்குப் போனதும் மேனேஜர்கிட்ட ஒத்துக்கிட்டு மிரரைத் திரும்பப் போட்டேன். மத்தியானம் எடை மேடையில லாரி வரிசை ரோடு வரைக்கும் நின்னுச்சு. அதுல அந்த டிரைவரும் இருந்தாரு.

"ஏனுங்க, அந்த செட்டிங்கை இன்னொருக்கா போடுங்க சாமி!"

நாளைக்கும் அதே பஸ்தான். நான் எந்திரிச்சு எடம் குடுத்தா உக்காருவாருங்களா?