பக்கத்துக் கூடையில் ஒரு கை கொழுந்து

ஜெசிந்தினியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது திணறுவதைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. இதைப் போய்க் கெட்ட பழக்கம் என்று சொன்னால் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

அவள் அம்மா றீட்டா கொழுந்து பறிக்கிறவர். அந்தி நிறுவையில் குறித்த கிலோ தேறாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். உடம்பு முடியாத ஒருத்தி பின்தங்கினால், றீட்டா போகிற போக்கில் தன் கூடையிலிருந்து ஒரு கை கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல நடந்துவிடுவார். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அந்த அம்மாவின் மகள் கணினி படித்து, பதுளை நகரில் டயர்க்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் போய் உட்கார்ந்தால் வேறு என்ன செய்வாள்? அதையேதான் செய்தாள்.

மரக்கறி மொத்த வியாபாரிகளின் ஓடர்களை எந்த லொறியில் எவ்வளவு ஏற்றுவது என்று கணக்கிடும் செயலிதான் அந்த மாடியின் பிழைப்பு. நடத்துகிறவர் நூருல் இனாயா. கொழும்பில் பெரிய வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அது இறங்கியதும் எல்லோருக்கும் தேத்தண்ணியோடு சாப்பிட இனிப்புப் பணிஸ் வாங்கித் தருவார். தினமும் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து மூன்று கேள்வி கேட்பார். நேற்று என்ன செய்தீர்கள், இன்றைக்கு என்ன செய்யப் போகிறீர்கள், எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு மட்டும் எல்லா வாயிலிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "இல்ல மிஸ்." தலைக்கு மேல் வெள்ளம் போனாலும் "இல்ல மிஸ்" தான்.

புதிதாகச் சேர்ந்த ஹுமைத் அந்தப் பதிலை எல்லோரையும் விட வேகமாகச் சொன்னான். கெட்டிக்காரப் பையன், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. ஒரு வரி எழுதுவான், இரண்டு வரி அழிப்பான். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவனுக்குக் கல்யாணம் வேறு பேசி வைத்திருந்தார்கள்.

ஐந்து மணியானால் பண்டாரவளை பஸ்ஸைப் பிடிக்க அவன் ஓடிவிடுவான். கணினியைப் பூட்டிவிட்டுப் போகும் வழக்கம் அந்த மாடியில் யாருக்கும் கிடையாது. ஜெசிந்தினியின் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கும். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் அரைகுறையாக விட்டதை முடித்து, அவன் பெயரிலேயே சேர்த்துவிட்டு எழுந்துவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. மனசு நிறைந்திருந்தது, அவ்வளவுதான்.

தான் எழுதியது எது, எழுதாதது எது என்று எழுதுகிறவனுக்குத் தெரியாதா? ஹுமைத்துக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். கண்டும் காணாதது போல இருந்துகொண்டான்.

மூன்று மாதம் முடிந்த அன்று காலை இனாயாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"ஹுமைத், ஒங்கட வேல நல்லா இருக்கு. புது வியாபாரி ஒருத்தர் வாரார். அவர்ட வேல முழுக்க ஒங்களுக்குத்தான், தனிய செய்ங்க."

ஜெசிந்தினி கைதட்டினாள். ஹுமைத்தின் முகம் வெளிறிவிட்டது. இனாயா வழக்கம்போல மூன்றாவது கேள்விக்கு வந்தார்.

"ஓம் மிஸ், மாட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றான் அவன். "மூணு மாசமா. நீங்க பாராட்டுற வேலயில பாதி நான் செஞ்சதில்ல. ஜெசிந்தினி அக்கா செஞ்சது."

இனாயாவின் பார்வை ஜெசிந்தினி மேல் பாய்ந்தது.

"ஒதவிதானே மிஸ் செஞ்சேன்," என்றாள் ஜெசிந்தினி.

ஹுமைத் அவள் பக்கம் திரும்பினான். "நல்ல மனசோடதான் செஞ்சீங்க அக்கா. ஆனா ஒவ்வொரு நாளும் காலையில வந்து பாக்கக்குள்ள, இவனால ஏலாதுன்னு நீங்க முடிவு கட்டிட்ட மாதிரி இருந்திச்சு. இப்ப எனக்கே அப்பிடித்தான் தோணுது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா போடும் கொழுந்து அன்றைய நிறுவையோடு முடிந்துவிடும். உடம்பு தேறியதும் அந்தப் பெண் தானே பறித்துக்கொள்வாள், பறிக்கத் தெரிந்தவள்தானே. இவள் செய்தது அப்படியில்லை. அவன் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டியதையெல்லாம் இவள் அல்லவா அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள்?

இனாயா இருவரையும் வறுத்தெடுத்தார். அன்று பணிஸ் வரவில்லை. கடைசியில் ஹுமைத்துக்கு இன்னும் ஒரு மாதம் கொடுத்தார். "ஜெசிந்தினி, நீங்க அவர்ட பக்கத்துல இருங்க. கேட்டா சொல்லுங்க. கீபோட்ல கை வெச்சீங்கண்டா ரெண்டு பேருமே வீட்டுக்குப் போகலாம்."

அந்த மாதம் ஜெசிந்தினி பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் ஒரு வரி எழுதுவான், இரண்டு வரி அழிப்பான், கேட்பான், அவள் சொல்வாள். காலையில் மூன்றாவது கேள்விக்கு "மாட்டிக்கிட்டேன் மிஸ்" என்று அவன் துணிந்து சொல்ல, மற்றவர்களும் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். நாள் போகப் போக அவன் அவளிடம் கேட்பது குறைந்தது.

கடைசி வாரத்தில் ஒரு சிக்கல். வியாபாரி ஓடரை ரத்துச் செய்த பிறகும், அந்தக் கரட் மூட்டைகள் லொறிக் கணக்கை விட்டு இறங்க மறுத்தன. பிழை எங்கே என்று ஜெசிந்தினிக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் அவன் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாங்கி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

சாயந்திரம் ஹுமைத் நாற்காலியில் துள்ளினான்.

"அக்கா! ரத்துச் செஞ்சத கழிக்க முன்னுக்கே லொறிக் கணக்க மூடுறேன். அதான்!"

திருத்தினான். கரட் மூட்டைகள் இறங்கின. இனாயா தன் மேசையிலிருந்தே எட்டிப் பார்த்தார். எழுந்து பணிஸ் வாங்கக் கீழே போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த மாடியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஹுமைத் மெல்லக் கேட்டான். "நீங்க முன்னுக்கே கண்டுட்டீங்கதானே அக்கா?"

"இல்ல தம்பி. நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது," என்றாள் ஜெசிந்தினி.

அந்த மாதம் முழுவதிலும் அவன் கூடையில் அவள் போட்ட ஒரே ஒரு கை கொழுந்து அந்தப் பொய்தான்.