பின்சீட்டு டீச்சரும் வட்ட விளக்கு ஸ்கூட்டரும்

பெயரைச் சொன்னால் அந்தப் பகுதியில் ஒருவருக்கும் தெரியாது. பின்சீட்டு டீச்சர் என்று கேட்டுப் பாருங்கள், தெருமுனைக் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து வீட்டைக் காட்டுவார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் புருஷனோ மகனோ கொண்டுபோய் விடுவான் என்று காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், "இனி நானே ஓட்டிக்கிறேன் போங்க" என்று கிளம்பும் நடுவயதுப் பெண்களுக்கு இருந்தவள் இவள் ஒருத்திதான். முன்னால் மாணவி, பின்னால் இவள். வலது தோளைத் தொட்டால் வலது பக்கம் திரும்ப வேண்டும். இடது தோள் என்றால் இடது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நிறுத்த வேண்டும். வண்டியில் ஏறிவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். பயந்தவர்களிடம் கத்தினால் இன்னும் பயப்படுவார்கள் என்பது அவள் கட்சி.

அப்பேர்ப்பட்டவளின் ஸ்கூட்டர் ஒருநாள் சிக்னலில் நின்றபடியே உயிரை விட்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அடிச்சட்டமே விரிசல் விட்டிருந்தது. எத்தனை பேர் எத்தனை சுவரில் மோதிய வண்டி அது, பாவம்.

அதே வாரம் மாடி வீட்டு அக்காவுக்கும் ஒரு இடி விழுந்தது. அக்கா என்றால் கூடப்பிறந்த மூத்தவள். அம்மா போனபிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கி, கல்யாணம் பண்ணிக் கொடுத்து, தனக்கென்று ஒருத்தனைத் தேடிக்கொள்ள மறந்தே போனவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளும் அறுவைச் சிகிச்சைத் துணிகளும் விடிவதற்குள் கொதிநீரில் இறங்கியாக வேண்டும் என்பதால் இருட்டோடு போக வேண்டிய ஷிஃப்ட். இதுவரை ஆஸ்பத்திரி வேன் வந்து ஏற்றிக்கொண்டது. அடுத்த மாதத்திலிருந்து வேன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது. "வர வழியிருக்கிறவங்க வாங்க, இல்லாதவங்க சொல்லிடுங்க, வேற ஆள் பாக்கணும்" என்றாராம் மேற்பார்வையாளர், முகத்தைப் பார்க்காமலே.

"சொல்லிடட்டுமா?" என்று அக்கா தங்கையிடம் கேட்டாள். அதைக் கேட்ட விதத்திலேயே பாதி வேலை போய்விட்டது.

"என்னத்தைச் சொல்றது? ஊர்ல இருக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் வண்டி கத்துக் கொடுக்கிறேன், எங்க அக்கா வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காருவாளா? நீ ஓட்டப் போற."

"இந்த வயசிலயா?"

"உன்னைவிட வயசானவங்க எல்லாம் ஓட்டிட்டாங்க. பேசாம இரு."

வாங்கப்போவது ஒரு வண்டி. காலையில் அக்காவின் வேலைக்கு, சாயங்காலம் தங்கையின் பாடத்துக்கு. எந்த வண்டி என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. டீச்சரின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சாதாரணமாக எல்லாரும் ஓட்டுகிற சாம்பல் நிற வண்டிதான் வேண்டும் என்றார் அவர். எந்தப் பட்டறையிலும் உதிரிப்பாகம் கிடைக்கும், விழுந்தாலும் மனசு வலிக்காது. ஆனால் தெருவில் வட்ட விளக்கும் குரோம் கண்ணாடியுமாகப் பழைய காலத்துச் சாயலில் ஒரு ஸ்கூட்டர் போனால் அது திருப்பத்தில் மறையும்வரை அக்காவின் தலையும் கூடவே திரும்பியது. டீச்சர் அதைக் கவனித்துவிட்டாள்.

"வட்ட விளக்கு வண்டிதான்" என்றாள் வீட்டுக்காரரிடம். "பயப்படுறவங்களுக்கு வண்டி மேல ஆசை இருக்கணுங்க. ஆசை இல்லாட்டி ஏறி உக்காரவே மாட்டாங்க."

"அழகு பாத்து நெரிசல்ல என்ன பண்ணப் போறீங்க?"

"அதைத்தான் ஓட்டிப் பாக்கப் போறோம்."

மூன்று கடை ஏறி இறங்கினார்கள். முதல் கடையில் இருந்தது அசல் இரும்புத் தகட்டு உடம்பு. தட்டினால் கணீரென்றது. இடுப்பு இரண்டு பக்கமும் உருண்டு திரண்டு, கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய வீட்டு அம்மாள் மாதிரி நின்றது. அக்கா அதைத் தொட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், அழுக்காக்கிவிட்டோமோ என்று. டீச்சர் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இதைக் கீழே படுக்க வைங்க."

கடைப் பெண்ணுக்குப் புரியவில்லை. "மேடம்?"

"விழுந்தா தூக்க முடியுதான்னு பாக்கணும்."

"இந்த வண்டி விழாது மேடம்."

"என் கையில வந்தா விழும்."

மேலாளர் ஓடி வந்தார். விற்பனைக்கு இருக்கும் வண்டியைத் தரையில் படுக்க வைப்பதா, அந்த ஆளுக்கு மூச்சே நின்றுவிட்டது. கடைசியில், ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் வண்டியைப் பழைய கம்பளத்தின் மேல் மெல்லச் சாய்த்தார்கள். அக்கா தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. அக்காவும் டீச்சரும் சேர்ந்து தூக்கினார்கள், அரை மனசோடு எழுந்தது. போதாக்குறைக்கு இடுப்பு அகலத்தில் அக்காவின் கால்கள் பக்கத்துக்கொன்றாய் விரிந்து, நுனி விரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. பின்சீட்டு தனியாகப் பிரிந்து உயரத்தில் இருந்ததால் டீச்சருக்கும் அக்காவின் தோள் எட்டவில்லை. "அழகா இருக்கு, வாழ முடியாது" என்று சொல்லிவிட்டு டீச்சர் வெளியே வந்தாள்.

இரண்டாவது, பேட்டரியில் ஓடுவது. அதே வட்ட விளக்கு, அதே வளைவு. எடை குறைவு, சத்தம் சுத்தமாகக் கிடையாது. அந்தச் சத்தமில்லாததுதான் வினையாகப் போயிற்று. வண்டி உயிரோடு இருக்கிறது என்று தெரியாமலே அக்கா கைப்பிடியை முறுக்கிப் பார்த்தாள். அது பாய்ந்துபோய்க் கடை வாசலில் இருந்த விளம்பரப் பலகையை முட்டிச் சாய்த்தது. யாருக்கும் அடியில்லை. பழகினவர்களுக்கு அது தங்கமான வண்டி என்பதை டீச்சரும் ஒப்புக்கொண்டாள். "ஆனா கத்துக்கிறவங்களுக்கு இன்ஜின் சத்தம்தான் தைரியம். உறுமினா தயாராகலாம். இது சொல்லாம கொள்ளாம கிளம்புது."

மூன்றாவது வெளிர் பச்சை. முகத்தில் வட்ட விளக்கு, உடம்பெல்லாம் பிளாஸ்டிக். "மூஞ்சி மட்டும் தாத்தா காலம், உள்ள எல்லாம் நேத்து செஞ்சது" என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார். இருக்கட்டுமே. லேசான வண்டி, விழுந்தால் அக்கா ஒருத்தியே தூக்கிவிட்டாள். கால் வைக்கும் பலகை சமமாக இருந்தது. சந்துக்குள் ஒரே மூச்சில் திரும்பியது. பிரேக் பிடித்தால் உதறாமல் நின்றது. சீட்டு ஒரே நீளமாக, தாழ்வாக இருந்தது. டீச்சர் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் அழுத்தமாகப் பதிந்தன. பழைய வண்டியில் தொங்கிக்கொண்டே இருந்த கால்கள் அவை. மாணவி சாய்ந்தால் இவளும் கூடவே சாய்ந்து முட்டியைப் பேர்த்துக்கொண்ட கதை ஏராளம். "இதுதான்" என்றாள். "இந்த வண்டியில யாரும் விழ மாட்டாங்க."

சொன்னபடியே யாரும் விழவில்லை. மரச்சாமான் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் மைதானத்தில் சாயங்காலப் பாடம். அக்கா முதல் நாளே வளைந்து திரும்பினாள். ஒரு வாரத்தில் எட்டு போட்டாள். டீச்சரின் அனுபவத்தில் இப்படி ஒருத்தி கற்றதே இல்லை. அக்காவோடு சேர்ந்த மற்ற மூன்று பெண்களும் அதே வேகம்தான். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. "வண்டி பாத்து வாங்கினது யாரு?" என்று வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். அவரும் அசடு வழிய, "சரிம்மா, நீதான்" என்றார்.

லைசன்ஸ் பரீட்சையன்று அதிகாரி, "நீங்க இறங்குங்க" என்று டீச்சரைப் பார்த்துச் சொன்னார். இறங்கினாள். அக்கா கிளம்பினாள். நேராகப் போகும்வரை குறையில்லை. எட்டின் முதல் வளைவில் வேகத்தைக் குறைத்தாள், பொத்தென்று விழுந்தாள். எழுந்தாள், ஏறினாள், அதே இடத்தில் மறுபடி விழுந்தாள். வரிசையில் நின்ற பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அதிகாரி அடுத்த வாரம் வரச் சொன்னார். அதற்கு அடுத்த நாளிலிருந்து வேன் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும், "நான் சொல்லிடறேன்டி, வேற ஆள் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா மாடிப்படி ஏறினாள். எட்டு போடத் தெரிந்தவள் எப்படி விழுவாள்? பயம்தான், கண்பட்டுவிட்டது, அதிகாரி முறைத்தார் என்று டீச்சர் என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டாள். எதுவும் அவளுக்கே ஒட்டவில்லை.

வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர் அங்கே கிடந்த டீச்சரின் செருப்பைப் பார்த்து அப்படியே குந்திவிட்டார். "ஏம்மா, போன மாசம் வாங்கின செருப்புதானே இது?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"ரெண்டு ஓரமும் அடியோட தேஞ்சு போயிருக்கே. நீ பின்னாடி சும்மாதானே உக்காந்துட்டு வர்ற? நடந்து போனவ செருப்பு மாதிரி இருக்கு."

டீச்சர் செருப்பைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த மனுஷர் வாழ்நாளெல்லாம் லிஃப்டுக் கயிற்றில் தேய்மானம் தேடியவர், அவருக்கு அது இயல்பாகக் கண்ணில் பட்டது. இவளுக்கு இப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வளைவிலும் அக்கா சாயும்போதெல்லாம் இவள் கால் தானாக இறங்கி, தரையைத் தேய்த்து, வண்டியைத் தாங்கிப் பிடித்து நிமிர்த்தியிருக்கிறது. இவளுக்கே தெரியாமல். அக்கா எட்டு போடவே இல்லை. பின்னால் உட்கார்ந்து இவள்தான் எட்டு போட்டிருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் அழுதுகொண்டு உட்காருகிற ஜாதியா அவள்? அப்போதே மற்ற மூன்று பெண்களுக்கும் போன் போட்டாள். "இத்தனை நாள் நீங்க ஓட்டல. நான் நடந்திருக்கேன். நாளைக்கு வாங்க, முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம், காசு வேண்டாம்" என்றாள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். பிறகு மாடி ஏறினாள்.

"அக்கா, தப்பு என் மேல. நாளைக்கு நீ தனியா ஓட்டப் போற."

"நீ பின்னாடி இல்லாட்டி நான் ஏறவே மாட்டேன்."

"நான் இருக்கிறவரைக்கும் உனக்கு வராதுக்கா."

"ஐம்பது வயசுக்கு மேல என்னைக் கொல்லப் பாக்கிறியாடி?"

"ஆமா, அப்படியே வச்சுக்கோ. அஞ்சு மணிக்குக் கீழே வந்துடு."

முதலில் ஒரு சமரசம் பண்ணிப் பார்த்தார்கள். டீச்சர் பின்னால் உட்காருவாள், காலைத் தூக்கி மிதியில் வைத்துக்கொள்வாள். வளைவு வந்தது, கால் இறங்கியது. திட்டிக்கொண்டே மறுபடி தூக்கி வைத்தாள், மறுபடி இறங்கியது. சொந்தக் காலுக்குப் புத்தி சொன்னால் கேட்கிறதா? அக்கா விழப்போகிறாள் என்றால் அது எப்படிச் சும்மா இருக்கும். வேறு வழியில்லை என்று தெரிந்ததும் டீச்சர் இறங்கி, பத்தடி தள்ளிப்போய்க் கைகட்டி நின்றாள்.

அக்கா விழுந்தாள். டீச்சர் ஓடவில்லை. ஓடாமல் நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அக்கா எழுந்து, வண்டியைத் தானே தூக்கி நிறுத்தி, தங்கையை முறைத்துவிட்டு ஏறினாள். மறுபடி விழுந்தாள். வெளிர் பச்சையில் கீறல் விழுந்தது, குரோம் கண்ணாடி ஒன்று தெறித்துப் போனது, அக்காவின் முழங்கையில் தோல் உரிந்தது. "நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?" என்று கேட்டாள். டீச்சர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும். கோபம் ஏற ஏற அக்கா சாய்வதற்குப் பதில் கைப்பிடியைத் திருப்பினாள், வளைவில் பயந்து வேகத்தைக் குறைக்காமல் கொஞ்சம் முறுக்கினாள். வாரக் கடைசியில் யாரும் தாங்காத எட்டு ஒன்றைப் போட்டு முடித்தாள், கோணல்மாணலாக. பரீட்சையில் அதே கோணலைப் போட்டு லைசன்ஸ் வாங்கிவிட்டாள்.

வேன் நின்றுபோன முதல் நாள், இருட்டு பிரியவில்லை. அக்கா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். டீச்சர் வழக்கம்போல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்கே வர்ற?"

"ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும். முதல் நாள்தானேக்கா."

"இறங்குடி."

இறங்கினாள். இறங்கின கால் எங்கே போவதென்று தெரியாமல், ஓடிப்போய் வெளிக்கதவைத் திறந்துவிட்டுக் கதவு நடுவிலேயே நின்றாள். அந்த வட்ட விளக்கு அவளை நோக்கி வந்தது. விளக்குக்கு மேலே அக்காவின் முகம். எத்தனையோ பெண்களை ஓட்ட வைத்தவள் டீச்சர். அவர்கள் பின்னங்கழுத்தும் கொண்டையும் அத்தனையும் அவளுக்கு அத்துபடி. மைதானத்தில் தள்ளி நின்றபோதுகூட அவள் கண் சக்கரத்தின் மேலேயேதான் இருந்தது. ஓட்டுகிறவளின் முகத்தை எதிரே நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து, தங்கையைத் தாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தது அந்த முகம். டீச்சருக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன.

"வழியில நிக்காதடி" என்றாள் அக்கா. "எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

டீச்சர் தள்ளி நின்றாள்.